எழுதிக்கோ வாத்தியாரும் தொட்டித் தண்ணீரும்

என் தங்கை வீட்டுக்காரர் தலை நரைக்கிற வரைக்கும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் எழுதிக்கோ. வகுப்புக்குள் நுழைவார், மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார், நாற்காலியில் சாய்வார், "எழுதிக்கோ" என்பார். மணியடிக்கும்வரை சொல்லிக்கொண்டே போவார். மணியடித்தால் வாக்கியம் எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய், மறுநாள் அதே இடத்தில் பிடிப்பார். நடுவில் எவனாவது வாய் தவறி "ஏன் சார்" என்று கேட்டுவிட்டால், "ஏன்னு கேள்வித்தாள்ல வருதா? வராது. வராததைக் கேட்டு எல்லார் நேரத்தையும் கெடுக்காதே" என்று உட்கார வைத்துவிடுவார்.

அவர் விஞ்ஞானத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவரில்லை. அவர் அப்பா மில்லில் கணக்கு எழுதியவர். அந்த அப்பாவின் அக்காள் எங்கள் பெரியம்மாவுக்கு ஓரகத்தி, அந்த வழியில்தான் சம்பந்தமே வந்தது. பெரியம்மா சொல்லித் தெரியும்: பையன் சரித்திரம் படிக்கப் போனான், அந்த வகுப்பில் இடம் இல்லை, பக்கத்து அறையில் விஞ்ஞானத்தில் நாலு பெஞ்சு காலியாக இருந்தது, அங்கே போய் உட்கார்ந்தான். ராஜாக்களை மனப்பாடம் பண்ண வேண்டியவர் அமிலங்களை மனப்பாடம் பண்ணினார். எந்த ராஜா எந்த ராஜாவை ஜெயித்தான் என்பது மாதிரியே, எதில் எதை ஊற்றினால் என்ன நிறம் வரும் என்பதும் அவருக்கு யாரோ எப்போதோ பார்த்த சங்கதி. நாம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் பரிசோதனைக் கூடம் என்று ஓர் அறை உண்டு. கால் உடைந்த பெஞ்சுகளும் காற்றுப் போன பந்துகளும் தலைமையாசிரியரின் பழைய சைக்கிளும் அங்கேதான் குடியிருந்தன. கண்ணாடிச் சாமான்கள் இருந்த அலமாரியின் சாவியை இவர் வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் வைத்திருந்தார். ஒரு பிள்ளையும் ஒரு குழாயையும் தொட்டதில்லை. தொட்டால் உடையும், உடைந்தால் இவர் பதில் சொல்ல வேண்டும். பரிசோதனையையும் சொல்லித்தான் எழுத வைப்பார். "நான் சுண்ணாம்பு நீரை எடுத்தேன். வாயுவைச் செலுத்தினேன். அது பால்போல் மாறியதைக் கண்டேன்." எடுக்கவும் இல்லை, செலுத்தவும் இல்லை, காணவும் இல்லை. வகுப்பு மொத்தமும் உட்கார்ந்து பொய்ச்சாட்சி எழுதும். அழகாக எழுதிய பிள்ளைக்கு நல்ல மார்க்கு.

ஒரு வருஷம் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று காலையில் இவர் சமையலறைக்குள் வந்து என் தங்கையிடம் ஒரு கரண்டி பால் கேட்டார்.

"காப்பி குடிச்சாச்சே, எதுக்கு?" என்றாள்.

"சுண்ணாம்புத் தண்ணி பால் மாதிரி மாறணும். வர்றவர் பார்ப்பாரு."

"அதுக்கு?"

"பாலையே ஊத்திட்டா பால் மாதிரிதானே இருக்கும்."

நம்ப மாட்டீர்கள், சோதனைக் குழாயில் பாலை ஊற்றி, தண்ணீர் கலந்து, தாங்கியில் நிறுத்தி வைத்தார். வந்த அதிகாரி குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, தலையை ஆட்டி, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் இப்படி எழுதித் தேறி வந்தவர்தான். மத்தியானத்துக்குள் குழாய் புளித்து நாறியது.

இப்படிப்பட்டவருக்குத் தெருவில் இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. எதற்கும் அவரிடம்தான் ஓடுவார்கள். கைபேசிக் கோபுரத்தால் முடி கொட்டுகிறதா என்று சலூன்காரர் கேட்டார். அவருக்குத் தொழில் கவலை. இவர் கண்ணை மூடி யோசித்து, "கதிர்வீச்சு" என்றார். அவ்வளவுதான். ஆமாம் என்றாரா இல்லை என்றாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சலூன்காரர் மட்டும் அந்த வார்த்தையைப் பத்து நாள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். விளங்காத வார்த்தை ஒன்றைக் கையில் வைத்து அழுத்திவிட்டால் போதும், நம் ஜனம் விளங்கிவிட்டது என்று எழுந்து போய்விடும்.

எங்களுக்குக் கடைக்குட்டி ஒரு தம்பி. தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியில் வேலை. மோட்டார் போடுவான், வால்வைத் திறப்பான், வெள்ளைப் பவுடரைக் கரைத்து ஊற்றுவான். எதற்கு ஊற்றுகிறாய் என்று கேட்டால் "ஊத்தச் சொன்னாங்க" என்பான். அதற்கு மேல் அவனுக்கும் கவலையில்லை. ஆனால் வேளை தவற மாட்டான். ஒரே பெருமை அவனுக்கு, தெரு முழுக்க அவன் கையால் தண்ணீர் குடிக்கிறது என்பது. அவன் பெண்டாட்டி சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாள். கடைசி வருஷத்தில் அவளுக்கென்று தொட்டியிலிருந்தே நேராக ஒரு குடம் பிடித்து வருவான். குழாய்த் தண்ணீரைவிட அது புதுசாம்.

அவள் போன பிறகுதான் ஃபில்டர்காரன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நாக்கில் தேன். வந்தவன் நேரே எழுதிக்கோ வீட்டுக்குத்தான் போனான். தெருவில் யார் சொன்னால் எடுபடும் என்பது அந்த மாதிரி ஆட்களுக்கு மூக்கிலேயே தெரியும். "சார் தலைமையில ஒரு சின்ன விளக்கக் கூட்டம்" என்றான். தலைமை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மாப்பிள்ளை அலமாரியைத் திறந்து நல்ல சட்டையைத் தேடினார்.

விடுமுறை நாள், முற்பகல். தங்கை வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளி, நாற்காலி போதாமல் பாய் விரித்து, தெருவே வந்து அடைந்துகொண்டது. தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டு நனைந்த கால்சட்டையோடு வந்து வாசலில் நின்றான். மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் ஃபில்டர் தண்ணீர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. ஃபில்டர்காரன் நாலு கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை எடுத்தான். இரண்டு கம்பி இந்த டம்ளரில், இரண்டு கம்பி அந்த டம்ளரில். ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டான்.

ஃபில்டர் தண்ணீர் அப்படியே இருந்தது. தொட்டித் தண்ணீர் முதலில் மஞ்சள் தட்டியது. அப்புறம் துருவாகி, கருத்து, மேலே நுரையும் கீழே சகதியுமாக, சாக்கடையை மொண்டு வைத்த மாதிரி நின்றது.

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"இத்தனை அழுக்கும் உங்க தண்ணிக்குள்ள இருந்ததுதாங்க. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றான் ஃபில்டர்காரன். "நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றேம்பீங்க. சயின்ஸ் சார் இருக்காரு. சாரே சொல்லட்டும்."

மாப்பிள்ளை எழுந்தார். டம்ளரைத் தூக்கி, அந்த மேலதிகாரி பார்த்த மாதிரியே வெளிச்சத்தில் பார்த்தார். "கண்ணால பார்க்கிறதை விடப் பெரிய நிரூபணம் விஞ்ஞானத்துல கிடையாது" என்றார்.

சலூன்காரர் திரும்பி வாசலைப் பார்த்தார். "ஏம்ப்பா தொட்டி, இதைத்தான் இத்தனை வருஷமா எங்களுக்கு ஊத்தினியா?"

தம்பியின் கண் டம்ளரைவிட்டு நகரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையும் ஃபில்டர்காரனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர் பொறுக்குகிற கிழவியை யார் ஓர் ஆளாக மதிக்கிறார்கள்? அவன் பாட்டுக்குப் பேசினான்.

"சார், உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. போன மாசம் வேற இடத்துல ஒரு சயின்ஸ் வாத்தியார், கம்பியைப் பார்த்ததுமே எந்திரிச்சிட்டாரு. இது இரும்புக் கம்பி, கரண்ட் விட்டா கரையுது, அழுக்கு கம்பியிலேர்ந்துதான் வருது, தண்ணியிலேர்ந்து இல்ல, எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்னு சத்தம் போட்டு விரட்டிட்டாரு. ஃபில்டர் தண்ணியில உப்புச் சத்து இல்ல, கரண்ட் ஓடல, அதான் நிறம் மாறலன்னு புட்டுப் புட்டு வச்சிட்டாரு. நீங்க எல்லாம் தெரிஞ்சும் முகத்துல ஒரு சுருக்கம் காட்டாம நின்னீங்களே, அதுக்குத் தனித் திறமை வேணும் சார்."

மாப்பிள்ளையின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன். வருஷா வருஷம் "எழுதிக்கோ" என்று சொன்ன பாடம் முதல் தடவையாக அவருக்குப் புரிகிறது. புரிந்து, காது மடல் சிவந்து, நெற்றியில் வேர்வை கண்டது. தெரியாது என்று சொன்னால் முட்டாள். தெரியும் என்று சொன்னால் திருடன். அவர் முன்னால் அந்த இரண்டு நாற்காலிதான் கிடந்தன.

டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "தெரியாமலா? நான் நடத்துற பாடம்தானே" என்றார்.

திருடன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. மான மரியாதையோடு வாழ்கிற மனிதர் அல்லவா.

தெருவே சேர்ந்து குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டது. ஆட்கள் வந்து புட்டியில் தண்ணீர் பிடித்துப் போய், குடிக்கலாம், குற்றம் ஒன்றும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொட்டி அறைக் கதவில் ஒட்டினார்கள். அதில் வரிசையாக எண்கள். படித்தவர்கள் நாலு பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். "அவங்க தண்ணியை அவங்களே நல்லதுன்னு சொல்லிக்கிறாங்க" என்றார் ஒருத்தர். மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் எண்களை மேலிருந்து கீழே விரலால் தடவிவிட்டு, "இதெல்லாம் அளவு. அளவு வேற, சுத்தம் வேற" என்றார். ஜனம் தலையாட்டிக்கொண்டு கலைந்தது. கம்பியைக் கரைத்துக் காட்டியவனை நம்பினார்கள், புட்டியில் பிடித்துப் போய்ப் பார்த்தவர்களை நம்பவில்லை. வீட்டுக்கு வீடு ஃபில்டர் ஏறியது.

இதெல்லாம் போகட்டும். தம்பிதான் எனக்குத் தொண்டையில் முள்ளாகிவிட்டான். ஒரு நாள் காலையில் வந்து என் வீட்டு அடுப்படியில் குந்தினான். முகம் சவரம் காணாமல் கிடந்தது.

"அக்கா, அவளை நான்தான் கொன்னுட்டேன்."

"என்னடா உளர்ற?"

"எல்லாரும் குழாயில குடிச்சாங்க. அவளுக்கு மட்டும் தொட்டியிலேர்ந்து நேரா கொண்டாந்து குடுத்தேன். அடி மண்டியெல்லாம் அவ வயித்துக்குத்தான் போயிருக்கும்."

"டேய், அவ அம்மா எதுல போனா? சிறுநீரகம். அம்மாவோட மூத்த தம்பி, அந்த லாரி ஓட்டினவன், எதுல போனான்? அதேதான். அவன் மகள் இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வர்றா. இவங்கள்ல யாருடா உன் தொட்டித் தண்ணியைக் குடிச்சது? ஒரு மடக்கு குடிச்சிருக்காங்களா?"

"அவங்கவங்க இடத்துத் தண்ணி எப்படியோ."

நான் டீ மேசையில் கேட்டதை அப்படியே சொன்னேன். கம்பி கரைகிறது, தண்ணீரில் ஒன்றும் இல்லை, உன் அத்தானுக்கே தெரியும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ எத்தனாவது படிச்சே அக்கா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. பாவம் என்கிற மாதிரி கேட்டான். அதுதான் எனக்கு எரிந்தது.

சரி, கண்ணால் பார்க்கிறதுதான் நிரூபணம் என்றாரே மாப்பிள்ளை, காட்டிவிடுவோம் என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். ஃபில்டர்காரன் அவர்களுக்கு ஒரு கம்பிப் பெட்டியை இனாமாக விட்டுப் போயிருந்தான். தங்கையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "பாலை ஊத்தினவர்தானே" என்று மட்டும் சொல்லி, பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். தம்பி எதிரிலேயே ஃபில்டர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, கம்பியை விட்டு, சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தினேன். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி போட்டேன். தொட்டித் தண்ணீர் கெட்ட கேட்டைவிட மோசமாகக் கெட்டது. நிமிஷத்தில் கறுப்புச் சகதி.

"பார்த்தியா? உங்க சுத்தத் தண்ணியோட லட்சணத்தைப் பார்த்தியா?"

தம்பி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆகா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப உப்பும் விஷமா அக்கா?" என்றான்.

அன்றிலிருந்து உப்பை விட்டான். சப்பென்று தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு திரிந்தான். இவனை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவனும் அந்த வாத்தியாரிடம் படித்தவன்தான். அழகாக எழுதுவான், நல்ல மார்க்கு வாங்கியவன்.

இனி அவர் வாயால் வந்தால்தான் உண்டு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கை அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு வார்த்தைதான். நீங்க கையெழுத்துப் போட வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டாம், தெருவுக்கும் தெரிய வேண்டாம். இவன் பெண்டாட்டி தண்ணியால சாகலன்னு இவன்கிட்ட சொல்லுங்க. அந்த அழுக்கு கம்பியோடதுன்னு சொல்லுங்க."

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"சொல்லுங்களேன்" என்றாள் தங்கை. "உங்க பாடம்தானே."

"அது அவ்வளவு சுலபமா சொல்ற விஷயம் இல்ல" என்றார். "பல காரணிகள் இருக்கு."

"எத்தனை காரணி? ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"அக்கா, உங்களுக்குப் புரியாது. அயனிகள் சம்பந்தப்பட்டது."

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் வாயைப் பார்க்கிற நோயாளி மாதிரி. "அத்தான், நான் உப்பை விட்டுட்டேன்" என்றான்.

அதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. தப்பிக்க ஒரு சந்து கிடைத்துவிட்டது. "ரொம்ப நல்லது. உப்பு உடம்புக்கு ஆகாதுதான்" என்றார்.

"தண்ணி?"

"போனதைப் பேசி என்ன ஆகப்போகுது. இனிமே நல்ல தண்ணி குடி."

ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவர் தலையில் இருந்து ஒரு மயிர்கூட உதிர்ந்திருக்காது. அவன் தோளில் இருந்த பிணம் இறங்கியிருக்கும். அவருக்கு மனது வரவில்லை. நாளைக்கு இவன் வாய் திறந்தால், சயின்ஸ் சாருக்கு அன்றைக்குத் தெரியவில்லையா, தெரிந்தே செய்தாரா என்று யாராவது கேட்பார்களாம். கேட்கவா போகிறார்கள்? "ஏன்" என்று கேட்கிற பழக்கத்தைத்தான் இவர் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ப் பிடுங்கிவிட்டாரே. இவருக்கு என்ன பயம்?

தம்பி மறுநாளே வேலையை விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் தெருவில் தலைகுனிந்து நடந்தான். பிறகு ஃபில்டர்காரன் அவனைக் கூப்பிட்டுக்கொண்டான். விற்கத் தெரியாதவனை எதற்கு எடுத்தான் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் தெரிந்தது. பக்கத்துத் தெருக்களில் கூட்டம் போடும்போது இவனை எழுப்பி நிறுத்துவான். "தொட்டியில வேலை பார்த்தவரு இவரு. இவரே சொல்றாரு கேளுங்க." இவன் எழுந்து, தன் பெண்டாட்டி செத்த கதையைச் சொல்வான். நாலு பேர் மூக்கைச் சிந்துவார்கள். நாற்பது ஃபில்டர் போகும். இவன் நடிக்கவில்லை, அதுதான் கேவலம். செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறோம் என்று நம்பினான். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி ஜனங்களைக் காப்பாற்றுகிறானாம்.

எங்கள் தெருவில் ஃபில்டர் வாங்காத வீடு என்னுடையது மட்டும். ஒரு நாள் சாயங்காலம் மூன்று பேரும் ஏறி வந்தார்கள். ஃபில்டர்காரன், வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவனுக்கு ஆலோசகராகிவிட்ட மாப்பிள்ளை, கையில் கம்பிப் பெட்டியோடு என் தம்பி.

"அக்கா, ஒரு டம்ளர் குழாய்த் தண்ணி கொண்டா. உன் கண்ணாலயே பாரு" என்றான் தம்பி.

குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்தேன். கம்பியை நீட்டினான். நான் டம்ளரைக் கொடுக்கவில்லை. அவன் முன்னாலேயே வாயில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். "வேண்டாம்க்கா" என்றான். தாங்க முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இன்னொரு டம்ளர் பிடித்து வந்து அதையும் குடித்தேன். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அக்காவும் போகப்போகிறாள் என்று அழுகிறான்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். இப்போதாவது வெளியே போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று கண்ணாலேயே கேட்டேன். அவருக்கு அது புரியாமல் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஃபில்டர்காரன் பக்கம் திரும்பினார்.

"படிக்காதவங்களுக்கு எதையும் புரிய வைக்க முடியாது சார். வாங்க, அடுத்த வீட்டைப் பார்ப்போம்" என்றார்.